குழந்தை வேண்டும், பிரசவத்தை நினைத்தால்தான் பயம்

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவேன், ஆனால் உள்ளங்கை வியர்த்துப்போகும். குழந்தை பிடிக்காது என்றில்லை, ரொம்பப் பிடிக்கும். பிரசவத்தை நினைத்தால்தான் மூச்சு முட்டும். கருத்தடை மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிட மாட்டேன். அப்படியும் நம்பிக்கை வராமல் மாதா மாதம் டெஸ்ட் கிட் வாங்கி, ஒற்றைக் கோடுதான் என்று தெரிகிறவரை பாத்ரூமிலேயே உட்கார்ந்திருந்து, அப்புறம் நிம்மதியில் அழுவேன். என் கணவருக்கே இது ரெண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும்.

எனக்குப் பதினொரு வயதில் சித்திக்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் காபி ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடி சரியாக மூடாமல் காபி கசிந்து பாவாடையெல்லாம் சூடு. ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் சித்தி கத்திக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு ஆயா, "அப்போ இனிச்சுது, இப்போ கசக்குதா?" என்று திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. சித்தி நல்லபடியாகத்தான் வீடு திரும்பினாள். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானாகவே கற்பனை செய்துகொண்டேன், பதினெட்டு வருஷமாக.

அம்மாவிடம் சொன்னபோது "ஊர் உலகத்துல யாரும் பெத்துக்கலையா?" என்றாள். அத்தை, "எனக்கு மூணும் வீட்டுலயே பொறந்துச்சும்மா" என்றார். பாசத்தில் சொன்னதுதான், ஆனால் எனக்கு வெட்கம்தான் கூடியது. முதலில் பார்த்த டாக்டரும் "கன்சீவ் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். இப்படிப் பயப்படும் ஒருத்தியிடம் தயவுசெய்து யாரும் இதைச் சொல்லாதீர்கள். அவள் பயப்படுவதே அதற்குத்தான்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். இதற்கு டோக்கோபோபியா என்று பெயர் இருக்கிறது, 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 26 பெண்களைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே வந்திருக்கிறது, ஒரு தடவைகூடக் கருத்தரிக்காத பெண்ணுக்கு வந்தால் அது முதல் வகை என்றார். பெயர் இருக்கிறது என்று தெரிந்ததுமே பாதி பாரம் இறங்கியது. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய்மார் இறப்பு 54 (2018-20 கணக்கு) என்றும் சொன்னார். புத்திக்குப் புரிந்தது, வயிற்றுக்குப் புரியவில்லை. எண்ணிக்கை சொல்லி இந்தப் பயத்தைப் போக்க முடியாது என்பது என் அனுபவம். அவரே ஒரு உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகர் முதல் நாள் "பயப்படாதே" என்று சொல்லவே இல்லை. எதற்கெல்லாம் பயம் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். 17 வந்தது. வலி, கிழிவது, கத்துவது, துணி இல்லாமல் கிடப்பது, திட்டு வாங்குவது, யாரும் பக்கத்தில் இல்லாமல் செத்துப்போவது. எழுதிப் பார்த்தால் பாதிக்குமேல் உடம்பைப் பற்றியதே இல்லை, மனுஷர்கள் என்னை எப்படி நடத்துவார்கள் என்பதைப் பற்றியது. அன்றைக்குத்தான் அந்த ஆயாவின் குரல் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று தெரிந்தது.

அவசரப்பட்டு நானே வீட்டில் ஒரு பிரசவ வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். வாந்தி எடுத்து, மூன்று நாள் தூங்கவில்லை. அதைச் செய்யாதீர்கள், படிப்படியாகத்தான் போக வேண்டும்.

எனக்கு உண்மையில் திருப்பம் ஒரு பலூனில் வந்தது. டாக்டரிடம் இருந்த நர்ஸ் அக்கா பலூனுக்குள் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தைப் போட்டு ஊதி, வாயை விரலால் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினார். பந்து வந்து கழுத்தை அடைத்துக்கொண்டது. விரலை எடுத்தும் காற்று போகவில்லை. பக்கவாட்டில் அமுக்கினார், ஒன்றும் ஆகவில்லை. "இது பொய் வலி." அப்புறம் மேலிருந்து மெதுவாக அமுக்கினார், விட்டார், அமுக்கினார், விட்டார். பலூனின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி, மெலிந்து, விரிந்து, பந்து தானாக வெளியே வந்து விழுந்தது. கழுத்து கிழியவில்லை! "கர்ப்பப்பை வாயும் இப்படித்தான் 10 சென்டிமீட்டர் வரைக்கும் திறக்கும்மா. நடுவுல விடுறேன்ல, அப்போ வலி இருக்காது" என்றார். வலி என்றால் மணிக்கணக்கில் இடைவிடாமல் இருக்கும் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். வந்து, ஏறி, ஒரு நிமிஷம்போல நின்று, இறங்கும் என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பலூனை வாங்கி நானே நாலு தடவை அமுக்கிப் பார்த்தேன்.

அப்புறம் மற்ற கேள்விகள். எபிடூரல் (முதுகில் போடுகிற, வலியை மரக்கச் செய்யும் ஊசி) எந்தக் கட்டத்தில் கேட்கலாம், எல்லாருக்கும் வெட்டித் தையல் போடுவார்களா (எல்லாருக்கும் வெட்ட வேண்டியதில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலும்), கூட யார் இருக்கலாம். இங்கே அரசு மருத்துவமனைகளிலேயே பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இடம் உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி. பயமாக இருந்தால் சிசேரியன் கேட்பதும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்தான், அது கோழைத்தனம் இல்லை, ஆனால் அதுவும் ஒரு ஆபரேஷன் என்பதை டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

ஆலோசகரிடம் போக ஆரம்பித்த ஒன்பதாவது வாரம், காலியாக இருந்த பிரசவ அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கட்டிலில் உட்கார்ந்தேன். ரெக்ஸின் ஜில்லென்றிருந்தது. இங்கேயும் பச்சைத் திரைதான். நானே அதை இழுத்து மூடினேன், திறந்தேன்.

ஆலோசகரிடம் போக வசதியில்லாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

என் பட்டியலில் இன்னும் நாலு பாக்கி. மாத்திரையை நிறுத்தி ரெண்டு மாதம் ஆகிறது. போன வாரம் நாள் தள்ளிப்போனது என்று கிட் போட்டுப் பார்த்தேன், ஒற்றைக் கோடு. அழுகை வரவில்லை. ரொம்ப லேசாக, ஒரு ஏமாற்றம் இருந்தது. அதை என் கணவரிடம் சொல்லப் போனேன்.