கழுத்து ஒரு பக்கமே போகுது மேடம்

என் வேலைக்கும் கைக்குழந்தைகளுக்கும் காகிதத்தில் சம்பந்தம் கிடையாது. நான் பிசியோதெரபிஸ்ட். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தர்மபுரி மாவட்டத்தின் ஒரு வட்டாரத்தில் வீடு வீடாகப் போகிறேன். பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடப்பவர்கள், முழங்காலை மடக்க முடியாத பெரியவர்கள், இவர்கள்தான் என் பட்டியலில் இருப்பவர்கள். என் பெயர் ஊருக்குள் யாருக்கும் தெரியாது. 'எக்சர்சைஸ் மேடம்' என்று கேட்டால் வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

தாத்தாவின் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். "மேடம், அப்படியே இந்தப் பாப்பாவையும் ஒரு பார்வை பாத்துடுங்க. கழுத்து ஒரு பக்கமே போகுது." பிரசவத்துக்கு அம்மா வீடு வந்த மகள், கையில் இரண்டு மாதக் குழந்தையோடு நிலைப்படியில் நிற்பாள். என் வருகைப் பதிவில் இந்தக் குழந்தைக்குக் கட்டமே இல்லை. இருந்தாலும் பார்க்காமல் வர மனசு வராது.

பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. பிறந்த குழந்தைகளில் அதிகம் பேர் தலையை வலப்பக்கம் திருப்பித்தான் படுப்பார்கள். முகம் திரும்பிய பக்கத்துக் கை நீண்டு, மறுபக்கக் கை மடங்கி, வில்லை நாணேற்றிப் பிடித்தவரைப் போல் கிடக்கும் நிலை ஒன்றும் உண்டு. நாலு மாதம், ஆறு மாதத்துக்குள் அது மறைந்துவிடும். இரண்டு பக்கமும் தடையில்லாமல் தலையைத் திருப்ப முடிகிறது, ஆனால் ஒரு பக்கத்தைத்தான் குழந்தை விரும்புகிறது என்றால் அது பழக்கம். மறுபக்கம் திருப்பவே வரவில்லை என்றால் அது வேறு கதை.

இரண்டையும் பிரித்தறிய நான் முதலில் கழுத்தைத் தொடுவதில்லை. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, அது பார்க்காத பக்கமாகப் போய் உட்காருவேன். அம்மாவின் வளையலையோ வண்டிச் சாவியையோ மெல்ல ஆட்டுவேன். கண் முதலில் வரும், அப்புறம் தலை வரும். கண் முழுசாக என் பக்கம் வந்து, தலை பாதியில் நின்று, குழந்தை முகத்தைச் சுளித்தால் தசையில் இறுக்கம் இருக்கிறது என்று மனசு சொல்லும். கண்ணே வரவில்லை என்றால் என் யோசனை பார்வை பக்கமும் காது பக்கமும் போகும்.

அடுத்து கழுத்து மடிப்பு. இதை யாரும் பார்ப்பதில்லை. எப்போதும் மடங்கியே இருக்கும் பக்கத்தை இரண்டு விரலால் மெதுவாக விரித்தால் புளித்த பால் வாசனை அடிக்கும். வழிந்த பாலும் வேர்வையும் சேர்ந்து, அதன்மேல் பவுடர் கட்டிப் பிடித்து, உள்ளே தோல் சிவந்து கசிந்துகொண்டிருக்கும். மறுபக்க மடிப்பு காய்ந்து சுத்தமாக இருக்கும். எத்தனை நாளாக இப்படி என்று வீட்டாரிடம் கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். மடிப்பு அதைவிடச் சரியாகச் சொல்லும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றித் துடைத்துக் காயவிடச் சொல்வேன். பவுடர் வேண்டாம்.

காதுக்குப் பின்னாலிருந்து சரிந்து இறங்கி காறை எலும்பிலும் நெஞ்செலும்பிலும் போய்ச் சேரும் தசை ஒன்று இரண்டு பக்கமும் இருக்கிறது. பிறக்கும்போதே அதில் ஒன்று குட்டையாக இருந்தால் தலை அந்தப் பக்கத் தோளை நோக்கிச் சாயும். முகம் எதிர்ப்பக்கம் திரும்பும். ஆகவே குழந்தை வலப்பக்கமே பார்க்கிறது என்றால் இறுகியிருப்பது அநேகமாக இடப்பக்கத் தசை. வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பதோ வலப்பக்கம். நியாயம்தான், முகம் போகிற பக்கம்தானே வலிக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

சில குழந்தைகளுக்கு அந்தத் தசைக்குள் விரல்நுனி அளவில் கெட்டியாக ஒரு உருண்டை தட்டுப்படும். பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தெரிய ஆரம்பித்து, கொஞ்சம் பெரிதாகி, சில மாதங்களில் தானாகக் கரைந்துவிடும். 'கட்டி' என்ற வார்த்தையைக் கேட்டதும் வீடே இடிந்து உட்கார்ந்துவிடும். புற்றுநோயோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஸ்கேனில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். அதைக் கரைக்கிறேன் என்று பற்றுப் போடுவதும் ஒத்தடம் கொடுப்பதும் அழுத்தித் தேய்ப்பதும்தான் கெடுதல். ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்துபோன குழந்தையை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பழி. குழந்தையின் கழுத்தைப் பார்க்கும் முன்பே இந்த வீடுகளில் குற்றவாளி முடிவாகியிருப்பார். "இவ கழுத்துக்குக் கை குடுக்காம தூக்கிட்டா மேடம்." பெண் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்ப்பாள். அந்தத் தசை வயிற்றுக்குள்ளேயே இடம் நெருக்கி அப்படி ஆகியிருக்கலாம், தலைச்சன் பிள்ளைக்கும், எடை கூடிய பிள்ளைக்கும், கால் முன்னால் வந்த பிள்ளைக்கும், ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளைக்கும் இது கொஞ்சம் அதிகமாகவே வரும் என்று நான் வேண்டுமென்றே சத்தமாக, திண்ணையில் இருப்பவருக்கும் கேட்கும்படி சொல்வேன். அன்றைக்கு நான் செய்யும் வைத்தியத்தில் பாதி அதுதான்.

என் கையோடு முடித்துக்கொள்ளாத குழந்தைகளும் உண்டு. ஒரு கை சரியாக அசையாத குழந்தை, தோளைத் தொட்டாலே வீறிடும் குழந்தை. பிரசவத்தில் காறை எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம், கையின் நரம்பு இழுபட்டிருக்கலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்த குழந்தை, பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும் குழந்தை, நேற்றுவரை நன்றாக இருந்து திடீரென்று கழுத்து சாய்ந்த குழந்தை. இவர்களை அன்றைக்கே அனுப்பியாக வேண்டும். மண்டை ஓட்டு இணைப்பில் மேடு தட்டுப்பட்டாலும் டாக்டர் பார்க்க வேண்டும். கழுத்துத் தசை இறுகியவர்களில் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாக அமைந்திருக்காது என்பதால் தொடையை விரித்து அதையும் பார்த்துவிடுவேன். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள் என்று நான் சீட்டு எழுதுவது சுலபம். ஏரியூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பென்னாகரம் வந்து, பஸ் மாறி தர்மபுரி போய்ச் சேர்வதற்குள் பச்சை உடம்புக்காரி பாதியாகிவிடுவாள். அதனால் தேவையில்லாமல் யாரையும் அலைய விடுவதில்லை. தேவை என்றால் விடாமல் போன் போட்டு, போனார்களா என்று கேட்பேன்.

இனி உரம். குழந்தை கழுத்தைத் திருப்பாமல் அழுதால் எங்கள் பக்கம் முதலில் சொல்வது 'உரம் விழுந்திருக்கு' என்பதைத்தான். பழைய சேலையில் குழந்தையைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருட்டி உரம் எடுப்பார்கள். இதைப் பற்றி என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. உரம் பார்க்கும் கிழவிகள் பிறந்த குழந்தையை உற்றுப் பார்க்கத் தெரிந்தவர்கள். எந்தப் பக்கம் முலை கொடுத்தால் வாய் வைக்காமல் முரண்டு பிடிக்கிறது என்று தாயிடம் கேட்பவர்கள். அந்தக் கேள்வி என்னுடைய பரிசோதனையிலும் இருக்கிறது. அவர்கள் கண்டுபிடிப்பதை நான் முழுசாக எடுத்துக்கொள்கிறேன். உருட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்கிறேன். அந்த வயதில் தலை கனம், கழுத்துக்குப் பிடிமானம் கிடையாது. அழுகைக்குக் காரணம் உடைந்த காறை எலும்பாக இருந்தால் உருட்டலில் என்ன ஆகும் என்று சொன்னதும் பெரும்பாலான ஆயாக்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களிடம், "ஒரு மாசம் என் பேச்சைக் கேளுங்க, அப்புறம் உங்க இஷ்டம்" என்று தவணை வாங்கிக்கொள்வேன்.

அந்த ஒரு மாதத்தில் நடப்பதில் என் கைவேலை ரொம்பக் கொஞ்சம். தசையை இழுத்துவிடும் பயிற்சி இருக்கிறது. ஒருவர் தோளை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் தலையை உள்ளங்கையில் ஏந்தி, சாய்ந்ததற்கு எதிர்ப்பக்கம் மெல்லச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிறுத்துவது. அப்புறம் முகத்தைப் பார்க்காத பக்கம் திருப்பி நிறுத்துவது. குழந்தை திமிறினால் விட்டுவிட வேண்டும். இதை நேரில் ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், போனில் வீடியோ பார்த்துச் செய்கிற காரியமில்லை. இதெல்லாம் சேர்ந்து ஒரு நாளில் எத்தனை நிமிஷம் வரும்? மிச்ச நேரமெல்லாம் குழந்தை அந்த வீட்டுக்குள்தான் கிடக்கிறது. அதனால் கழுத்தைப் பார்த்து முடித்ததும் நான் வீட்டைப் பார்க்க ஆரம்பிப்பேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில் புளி சீசன். ஆயாவும் மகளும் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை உள்ளே பாயில் சுவரோரம் கிடந்தது. இடப்பக்கம் வெறும் சுவர். வலப்பக்கம் கதவு, வெளிச்சம், அம்மா, ஆயா, கோழி, தெரு, சுத்தியல் சத்தம் எல்லாம். எந்தக் குழந்தை சுவரைப் பார்க்கும்? பாயை எடுக்கவில்லை, குழந்தையைத் தலைமாடு கால்மாடாக மாற்றிப் படுக்க வைக்கச் சொன்னேன். வெளிச்சம் இப்போது அதன் இடப்பக்கம். ராத்திரி அம்மா படுக்கும் பக்கமும் மாறியது. பால் கொடுக்கும்போதும் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டு கொடுக்காமல் இரண்டு பக்கமும் மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். தோளில் போடுவதையும் தோள் மாற்றிப் போட வேண்டும். நாம் எல்லோரும் ஒரே தோளில்தான் போடுகிறோம், கவனித்துப் பாருங்கள்.

தூளியை நிறுத்தச் சொல்லிச் சில இடங்களில் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்வதில்லை, சொன்னாலும் நடக்காது. காட்டு வேலையும் அடுப்பு வேலையும் இருக்கும் வீட்டில் தூளி இல்லாமல் எந்தப் பெண்ணாலும் சமாளிக்க முடியாது. ஆனால் சேலை அணைத்துக்கொண்ட இடத்தில் தலை திருப்ப இடமே இருக்காது. போட்ட பக்கமே கிடக்கும். முழித்திருக்கும் நேரத்தில் கீழே எடுத்துப் போடுங்கள் என்பேன். தூங்க வைக்கும்போது மறுபக்கம் முகம் வரும்படி போடுங்கள் என்பேன்.

முழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போட வேண்டும் என்று சொன்னால்தான் எதிர்ப்பு பலமாக இருக்கும். "அது தானா குப்புற விழும் மேடம், இப்பவே எதுக்கு?" இதற்கு எனக்கு ஒரு வழி கிடைத்தது, அதுவும் ஆயாக்களிடமிருந்தே. குளிப்பாட்டும்போது இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின் மேல் குப்புறப் போட்டு முதுகு தேய்க்கிறார்களே, அதையேதான் நான் கேட்கிறேன். தண்ணீர் இல்லாமல், இன்னும் கொஞ்ச நேரம், முகம் திரும்பாத பக்கம் யாராவது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபடி. "ஓ, இதுவா" என்று உடனே காலை நீட்டிவிடுவார்கள். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான். அதில் பேரம் கிடையாது.

மல்லாக்கப் படுக்க வைக்கும் விஷயத்தில் ஒரு சங்கதி உண்டு. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992இல் குழந்தைகளைக் குப்புறத் தூங்க வைக்காதீர்கள் என்றது. சாவு நன்றாகக் குறைந்தது. கூடவே ஒரு பக்கம் தட்டையான தலைகள் அங்கே கூடின. உயிருக்கு முன்னால் தலையின் வடிவம் பெரிய விஷயமில்லை. நம் வீடுகளில் தலை உருண்டையாக வர வேண்டும் என்று ஆயாக்கள் பிடித்துவிடுவது வேறு. அந்த அழுத்தத்தால் வடிவம் வராது. முதல் சில மாதங்களில்தான் தலை வேகமாக வளர்கிறது. பிறக்கும்போது 35 சென்டிமீட்டர் சுற்றளவு இருந்தால் ஒரு வயதில் 46 பக்கம் வந்து நிற்கும். அந்த வளர்ச்சியின் நேரத்தில் தட்டையான இடத்தின் மேல் எடை விழாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அதுவாகவே நிரம்பிவிடும். இதற்கென்று விற்கும் தலையணை எதுவும் வாங்க வேண்டாம். மூச்சு முட்டும் ஆபத்து ஒரு பக்கம், காசு தண்டம் ஒரு பக்கம்.

இறுகிய தசை முதல் மூன்று மாதத்துக்குள் கைக்கு வந்தால் அநேகமாக அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும். ஒரு வயது தாண்டியும் இறுக்கம் விடாத சிலருக்குத்தான் கத்தி. "தானா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பும் டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். சரியாகும், ஆனால் யாராவது ஏதாவது செய்தால். ஒன்றரை மாத ஊசிக்குப் புதன்கிழமை வருகிற எல்லாக் குழந்தையையும், தொடையில் ஊசி குத்துவதற்கு முன்பு ஒரு தடவை இரண்டு பக்கமும் பார்க்க வைத்துவிட்டால் போதும். எங்கள் வட்டாரத்துக் கிராம சுகாதார செவிலியர்களிடம் வளையல் ஆட்டும் வித்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சிலர் செய்கிறார்கள். கூட்டமாக இருந்தால் செய்வதில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கடைசித் தொல்லை பெங்களூர். மூன்று மாதம் ஆனதும் பெண் புருஷனோடு கட்டட வேலைக்குக் கிளம்பிவிடுவாள். கிளம்புவதற்கு முன்னால் அவளுக்கு ஒரே ஒரு வேலை சொல்லி அனுப்புகிறேன்: மாதம் ஒரு தடவை, குளிப்பாட்டி முடித்து முடி ஈரமாக இருக்கும்போது, உச்சந்தலைக்கு நேர் மேலேயிருந்து ஒரு போட்டோ. ஈரத் தலையில்தான் வடிவம் தெரியும். எந்தக் காது முன்னால் வந்திருக்கிறது, நெற்றி எந்தப் பக்கம் துருத்துகிறது என்பதெல்லாம் அதில் பிடிபடும். சிலர் பொறுப்பாக அனுப்புகிறார்கள். சிலர் பொட்டு வைத்து, மை தீட்டி, சட்டை மாட்டி, முகத்தை எடுத்து அனுப்புகிறார்கள். "மேடம், பாப்பா அழகா இருக்காளா?" அழகாகத்தான் இருக்கிறாள். உச்சந்தலை போட்டோ கேட்டு மறுபடியும் ஒரு மெசேஜ் போடுவேன்.