அந்த அரை விநாடி

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் (லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கும் இலவச மென்பொருள்) விஷயத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2024 மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்கிற போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் டெவலப்பர் தன் டெபியன் லினக்ஸ் கணினியில் வேறு எதையோ சோதித்துக்கொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் லாகின் (தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைவது) வழக்கத்தைவிட சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அரை விநாடி! பெரும்பாலானவர்கள் கடந்து போயிருப்பார்கள். அவர் விடாமல் தோண்டினார், கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சின்ன லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல், அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி, வைத்திருப்பது தெரிந்தது. பெரிய லினக்ஸ்களின் ஸ்டேபிள் (பொதுப் பயன்பாட்டுக்கான, சோதித்து முடித்த) வெளியீடுகளுக்குள் போவதற்கு முன்பே பிடிபட்டது.

வைத்தது ஜியா டான் என்ற பெயரில் வந்த ஆள். இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக ஒழுங்கான கோட் அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் வெளியீடு போடும் உரிமையையும் வாங்கிவிட்டார்.

சரி, அது ஹேக்கிங் கதை. எனக்கு மனசு ஆறாதது வேறு. அந்த லைப்ரரியைச் சம்பளமில்லாமல் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்த லாசே காலின், தன் மனநலம் சரியில்லை என்று 2022இல் வெளிப்படையாகவே எழுதியிருந்தார், அப்போதும் ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று முகம் தெரியாத சில பெயர்கள் அவரை நெருக்கிக்கொண்டே இருந்தன. எத்தனை கம்பெனிகள் அவர் கோட்-ஐ வைத்துச் சம்பாதித்தன, ஒருத்தராவது கை கொடுத்திருக்க வேண்டாமா?

நான் தினமும் பயன்படுத்தும் ஒரு சின்னக் கருவிக்கு இன்று காலையில் கொஞ்சம் பணம் அனுப்பினேன். அதைப் பார்த்துக்கொள்பவரும் ஒரே ஆள்தான்.