டிக்கிக்குள் தவழ்ந்த மாப்பிள்ளை

எங்கள் காரின் டிக்கிக் கதவுக்குத் திடீரென்று சொந்த புத்தி வந்துவிட்டது. சும்மா போய் அமுக்கினால் திறக்கும். இரண்டு கையிலும் பையோடு போய் நின்றால் அசையாது. "ஏங்க, அது ஆளைப் பார்த்துத்தான் திறக்குது" என்றாள் மனைவி. அவளுக்குத் திறந்துவிட்ட தெம்பு அது.

ஊரிலிருந்து வந்திருந்த மாமனாருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, எண்ணெய். "பூட்டுல நாலு சொட்டு விடுங்க மாப்பிள்ளை" என்றார். மச்சானோ பூட்டையே மாற்றச் சொன்னான், காசு அவனுடையது இல்லையே.

நான் முதலில் செய்தது காதைக் கொடுத்துக் கேட்டதுதான். அமுக்கும்போது உள்ளே மோட்டார் 'க்ர்ர்' என்று உறுமியும் கதவு வரவில்லை என்றால் பூட்டில் கோளாறு, மாமாவின் எண்ணெய்க்கும் வேலை இருக்கும். சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் கரண்ட் வந்து சேரவில்லை. எங்கள் கதவு மௌன விரதத்தில் இருந்தது.

இப்போதைய கார்களில் நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் பட்டன் தானாக எதையும் திறப்பதில்லை. 'திறக்கச் சொல்கிறார்கள்' என்று பிசிஎம் என்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தகவல் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. கார் நிற்கிறதா, கார் கதவுகளின் லாக் எடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கண் இமைக்கும் நேரத்துக்கு மோட்டாருக்கு 12 வோல்ட் அனுப்புவது அந்தப் பெட்டிதான். ரப்பர் வெடித்துத் தண்ணீர் இறங்குவதால் பட்டன்தான் பல கார்களில் முதல் குற்றவாளி. ஆனால் எங்கள் காரில் டிரைவர் சீட்டுப் பக்கத்திலும் ஒரு பட்டன் உண்டு. கதவு முரண்டு பிடிக்கும்போது இரண்டுக்குமே மசியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் கெடுமா? பட்டன் விடுதலை. ஃப்யூஸும் விடுதலை. போன ஃப்யூஸ் போனதுதான், இடையிடையே உயிர் பெற்று வராது.

சரி, சோதிக்க வேண்டுமென்றால் கதவு திறந்திருக்க வேண்டுமே. பின் சீட்டை மடித்துவிட்டு, தலையை முன்னே விட்டு டிக்கிக்குள் தவழ்ந்தேன். கதவின் உட்புற மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புகோலைத் தள்ளினால் பூட்டு விலகும். கழுத்தை ஒடித்து, முட்டியைச் சிராய்த்து, ஒரு வழியாகத் தள்ளினேன். கதவு மேலே போனது. வெளிச்சம் வந்தது. வெளியே நின்ற மாமாவின் முகமும் வந்தது. "அடடே, திறந்துடுச்சே! மூடுதான்னு பார்ப்போம்" என்று டமார் என்று மூடிவிட்டார். "நல்லாத்தான் மூடுது மாப்பிள்ளை!" என்ற குரல் வெளியிலிருந்து கேட்டது. நான் மறுபடியும் ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன்.

அடுத்த முறை மாமாவை டிரைவர் சீட்டில் உட்கார்த்தி, பட்டன் அமுக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். கதவுப் பக்கம் ஆபத்து குறைந்தது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இந்த இடத்தில் நம்பகமான சாட்சி இல்லை. வயருக்குள் ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும், மோட்டார் கரண்டை இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் பல்பு வைத்த டெஸ்ட் லேம்பை எடுத்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு வயர்களுக்கும் நடுவே மாட்டினேன்.

"அமுக்கிட்டேன் மாப்பிள்ளை!" பல்பு பளிச்சென்று மின்னியது. கதவைப் பாதி இறக்கினேன். "அமுக்கிட்டேன்!" இருட்டு. ஏற்றினால் எரிந்தது, இறக்கினால் அணைந்தது. கரண்ட் திரும்பிப் போகும் எர்த் பக்கக் கிளிப்பை மட்டும் கழற்றிக் காரின் வெறும் உலோகத்தில் மாட்டியதும் கதவு எந்த நிலையில் இருந்தாலும் எரிந்தது. ஆக, பிசிஎம் ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. எர்த் வயர்தான் எங்கோ அறுந்திருக்கிறது.

அப்போதுதான் மனைவி சொன்னாள்: "கதவை ஆட்டுறப்ப நம்பர் பிளேட் லைட்டும் கண்ணடிக்குதுங்க. பின் வைப்பர் செத்தே ரொம்ப நாளாச்சே." கேஸ் முடிந்தது. மூன்றுக்கும் ஒரே எர்த். கரண்ட் அதிகம் குடிக்கும் வைப்பர் முதலில் படுத்திருக்கிறது, பூட்டு அடுத்து. துளி கரண்டில் பிழைக்கும் லைட் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

கீல் பக்கத்தில் கூரைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் போகிறதே, வயர்கள் எல்லாம் அதற்குள்தான். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அதே இடத்தில் மடங்கி மடங்கி, மேல் தோல் அப்படியே இருக்க உள்ளே செம்பு மட்டும் அறுந்துவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கருப்பு வயர் ஜவ்வு மாதிரி நீண்டது.

மாமா டேப் சுற்றலாம் என்றார். சூட்டில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும், மடங்கும் இடத்தில் ஒட்டுப் போட்டாலும் நிற்காது. அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு, நுண்ணிழைகள் நிறைந்த மெத்தென்ற வயரைக் கொடுத்து, ஒட்டு இரண்டும் குழாய்க்கு வெளியே வரும்படி சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் உறையை மாட்டினேன். பக்கத்தில் விரிசல் கண்ட இன்னொரு வயருக்கும் அதே வைத்தியம், ஒட்டுகள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று வராமல் தள்ளி.

மழை நாளில் ரிவர்ஸ் போட்டேன். முன் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தால் பின் வைப்பரும் தானாக ஆட வேண்டும் என்பது இந்தக் காரின் ஏற்பாடு. அது உயிரோடு இருந்த காலத்தைப் பார்த்திராத மாமா பின் சீட்டில் துள்ளி எழுந்தார்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை! பின்னால யாரோ கையாட்டுறாங்க!"