அண்ணன் பெயரில் ஒரு ரசீது

இன்று அண்ணனுக்கு வருடத் திதி. காசிமேட்டில் மீன் ஏற்றும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் தெருமுனை கேரம் போர்டில் அவரை ஜெயிக்க ஆளில்லை. ஒருநாள் ஸ்ட்ரைக்கர் அவர் விரலுக்கு அடங்கவில்லை. அப்புறம் ஸ்கேன். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் என்றார்கள்.

ரேடியேஷனோடு டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. 2005இல் நிலைபெற்ற சிகிச்சை, இன்றும் பெரும்பாலும் முதலில் தருவது அதைத்தான். ரத்தத்திலிருந்து மூளைக்குள் பல மருந்துகள் போகவே முடியாதபடி இயற்கையாகவே ஒரு தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்ட வழி தேட ஆராய்ச்சி வேண்டும், அதற்குக் காசு வேண்டும்.

அதனால் படையலைச் சின்னதாக வைத்தோம். அண்ணி சேர்த்த பணத்தை மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவும் அறக்கட்டளைக்கு அனுப்பினோம். ரசீதில் இருந்த பெயரை அம்மா தடவிக்கொண்டே இருந்தார். அண்ணனோடு கேரம் ஆடியவர்களே, உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்.