கேவி-1-ஐச் சுவரோரம் நிறுத்துதல்: 52 ஆட்டங்களுக்குப் பிறகு

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் என்ற இணைய ஆட்டத்தின் ஹிம்மல்ஸ்டோர்ஃப் நகர வரைபடத்தில், ஒரு தெருமுனையில் என் கேவி-1 கன டேங்க் ஐந்து நிமிடங்களுக்கு மேல் அசையாமல் நின்று 14 குண்டுகளை வாங்கியது. அவற்றில் 11 குண்டுகள் கவசத்தில் பட்டுத் தெறித்துப் போயின. ஆட்டம் முடிந்ததும் திரையில் 'ஸ்டீல் வால்' பதக்கம் வந்தது. வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து நான் பெற விரும்பிய பதக்கம் அதுதான். எத்தனை டேங்க்குகளை அழித்தோம் என்பதைவிட, எத்தனை பேரை ஒரு மூலையில் தடுத்து நிறுத்தினோம் என்பதே கன டேங்க் ஓட்டுபவரின் பெருமை என்று நான் நம்புகிறேன். ஆகவே, இந்த இடத்தை எட்ட எனக்கு ஏன் 52 ஆட்டங்கள் தேவைப்பட்டன என்பதை, புதிதாக வருபவர்களுக்குப் பயன்படும்படி எழுதி வைக்கிறேன்.

ஆட்டத்தின் அடிப்படைகளை நான் விளக்கப்போவதில்லை. பக்கத்துக்கு 15 பேர் என்பதும், ஐந்தாம் நிலை டேங்க்கை எடுத்துச் சென்றால் எதிரில் ஏழாம் நிலை டேங்க்கும் வரலாம் என்பதும், குண்டு கவசத்தைத் துளைக்கும் அளவான ஊடுருவலும் அது செய்யும் சேதமும் ஒவ்வொரு குண்டுக்கும் 25 சதவீதம் கூடவோ குறையவோ செய்யும் என்பதும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. சைடு ஸ்கிரேப் என்று எல்லோரும் சொல்லும் முறைதான் அது. டேங்க்கின் முகப்பைக் கட்டடத்தின் பின்னால் மறைத்துக்கொண்டு, பின்னோக்கி நகர்ந்து, பக்கவாட்டுக் கவசத்தை மட்டும் மிகச் சாய்வாக எதிரிக்குக் காட்டி நிற்பது. சொல்வதற்கு ஒரே வாக்கியம்தான். செய்யும்போதுதான் ஒவ்வொன்றாகத் தவறுகிறது.

கேவி-1-ஐ நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் முன்கவசமும் பக்கக் கவசமும் ஒரே 75 மி.மீ. தடிமன் கொண்டவை. மற்ற ஐந்தாம் நிலை டேங்க்குகள் பலவற்றுக்கு முகம் தடிப்பாகவும் பக்கம் மெலிதாகவும் இருக்கும். இந்த ஆட்டத்தின் விதிப்படி, சாதாரண கவசத்துளைப்புக் குண்டு, கவசத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 70 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில் வந்து பட்டால், அதன் ஊடுருவும் திறன் எவ்வளவாக இருந்தாலும் அது தெறித்துப் போய்விடும். குண்டின் விட்டம் கவசத்தின் தடிமனைப்போல் மூன்று மடங்காக இருந்தால் மட்டுமே இந்த விதி செல்லாது. 75 மி.மீ. கவசத்துக்கு அப்படியென்றால் 225 மி.மீ. பீரங்கி வேண்டும், நாம் சந்திக்கும் நிலைகளில் கேவி-2-இன் 152 மி.மீ. பீரங்கியே மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆகவே குண்டு வரும் பாதைக்கும் என் பக்கத் தகட்டுக்கும் இடையே 20 டிகிரிக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த 20 என்ற எண்ணைத்தான் நான் பல வாரங்கள் துரத்தினேன்.

கோணம் கூடிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். கவசத்துளைப்புக் குண்டு படும்போது ஆட்டம் அதன் பாதையை 5 டிகிரி நிமிர்த்திக் கொடுக்கிறது. பக்கத் தகடு 30 டிகிரியில் தெரிந்தால், 75 மி.மீ. கவசம் ஏறத்தாழ 131 மி.மீ. அளவுக்கு வேலை செய்யும். 45 டிகிரியில் தெரிந்தால் 98 மி.மீ. மட்டுமே. பான்ஸர் 4 எச் டேங்க்கின் நீளக்குழல் 75 மி.மீ. பீரங்கிக்கு 110 மி.மீ. ஊடுருவல் இருக்கிறது. 45 டிகிரியில் நான் சாய்ந்து நிற்பதாக எண்ணிக்கொண்டிருந்த நாள்களில் அது என்னை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் துளைத்ததற்கு இதுதான் காரணம்.

முதல் 40 ஆட்டங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஒவ்வோர் ஆட்டத்திலும் எதனால் அழிந்தேன் என்பதை ஒரே வரியில் குறித்தேன். திரும்பப் படித்துப் பார்த்தபோது, கோணம் தவறி அழிந்தவை நான் நினைத்ததைவிடக் குறைவாகவும், சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயின் அறுந்து பாதி வெளியே நின்றபடி அழிந்தவை 17 ஆகவும் இருந்தன. கேவி-இன் இயக்குப் பற்சக்கரம் பின்புறத்தில் இருக்கிறது. பின்னோக்கி வெளியே வரும்போது முதலில் தெரிவதும் அதுதான். செயினின் நடுப்பகுதியில் பட்ட குண்டைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். முனைச் சக்கரத்தில் பட்டால் செயின் அறுந்துவிடும், பிறகு மறைவுக்குத் திரும்ப வழியில்லை. ரிப்பேர் கிட் ஒருமுறை காப்பாற்றும், ஆனால் அடுத்த முறைக்கு அது தயாராவதற்குள் எதிரி இரண்டு குண்டுகளைப் போட்டுவிடுவார்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் அட்டை வெட்டினேன். உண்மையான கேவி-1-இன் நீளம் 6.75 மீட்டர், அகலம் 3.32 மீட்டர். அதனால் ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. என்ற கணக்கில் 6.75 செ.மீ. நீளமும் 3.32 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு துண்டை மவுஸ் வந்த பெட்டியின் அட்டையிலிருந்து வெட்டி, நடுவில் ஒரு குண்டூசியைக் குத்தி அதை டரட்டின், அதாவது பீரங்கியோடு சுழலும் மேற்கூண்டின், மையமாக வைத்துக்கொண்டேன். கிராஃப் தாளில் ஒரு கட்டடத்தின் மூலையை வரைந்து, மகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்த கோணமானியை அட்டையின் ஓரத்தில் பொருத்தி, 20 டிகிரி சாய்வில் அதை மெல்ல மெல்ல வெளியே இழுத்தேன். பீரங்கிக் குழல் மூலையைத் தாண்டிச் சுடக்கூடிய இடத்துக்கு அந்த ஊசி வந்தபோது, முன் வலது மூலையும் உண்மை அளவில் ஏறத்தாழ 40 செ.மீ. வெளியே வந்துவிட்டிருந்தது. முழு முகப்பும் மறைந்தபடியே சுட வேண்டுமென்றால் 26 டிகிரி தேவைப்படுகிறது. 26 டிகிரியில் நின்றாலோ குண்டு கட்டாயம் தெறிக்கும் என்ற உறுதி போய்விடுகிறது. டரட் பின்புறத்தில் இருக்கும் டேங்க்குகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. நடுவில் டரட் கொண்ட கேவி-க்கு இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

ஆனால் அந்த 40 செ.மீ. எதுவென்று பார்த்தபோது மனம் நிறைந்தது. கேவி-இன் செயின் ஒவ்வொன்றும் 70 செ.மீ. அகலமானது, உடற்பகுதியின் பக்கத் தகடு அந்தச் செயினுக்கு உள்புறமாகவே இருக்கிறது. ஆகவே வெளியே தெரியும் 40 செ.மீ. முழுவதும் வெறும் செயின்தான். கவச முகப்பு மூலைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அதாவது 20 டிகிரியில் நிற்பது சரிதான், ஆனால் செயின் அடிபடும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு நிற்க வேண்டும். டேங்க்கின் குழுவினர் எல்லோருக்கும் ரிப்பேர் திறனை முதலில் கொடுங்கள் என்று மூத்தவர்கள் சொல்வதன் பொருளும் இப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

அதே அட்டை இன்னொன்றையும் காட்டியது. 20 டிகிரி சாய்வில் டேங்க் ஒரு மீட்டர் முன்னே போனால் பக்கவாட்டில் 34 செ.மீ. மட்டுமே மறைகிறது. குண்டு நிரப்பும் நேரத்தில் டரட்டின் வெளித்தெரியும் பாதியை, அதை 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மறைப்பதற்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் முன்னே போக வேண்டும். நானோ அதுவரை சுவரில் மூக்கு உரச நின்றுவிட்டுப் பின்னே வந்து சுடுவேன், திரும்ப முன்னே போக இடமில்லாமல் தவிப்பேன். சுவரைத் தொடாமல் நின்று, முன்னால் பாதி டேங்க் நீளத்துக்கு இடைவெளி விட வேண்டும் என்பதை எந்த வழிகாட்டியிலும் நான் அழுத்தமாகப் படித்ததில்லை. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

தாளில் சரியாக வந்ததை ஆட்டத்தில் சோதிப்பதற்கு, அதிலுள்ள டிரெயினிங் ரூம் என்ற பயிற்சிக்களம் மிகவும் உதவியது. அங்கே பழுதுக்கும் குண்டுக்கும் கிரெடிட் என்ற ஆட்டப் பணம் செலவாவதில்லை, இரு பக்கமும் ஆளுக்கொருவர் இருந்தால் போதும். திருச்சியிலிருக்கும் சித்தப்பா மகன் இரண்டு மாலை நேரங்களை எனக்காக ஒதுக்கினான். பான்ஸர் 4 எச்-ஐ எடுத்துக்கொண்டு தெருவின் மறுமுனையில் நின்று, நான் வெளியே வரும்போதெல்லாம் தெரிவதைச் சொல்லச் சொன்னேன். "அண்ணா, பின் சக்கரம் மட்டும்தான் தெரியுது, அடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அடிப்பான், குண்டு தெறிக்கும், இருவரும் குறித்துக்கொள்வோம். கோணத்தைத் திரையிலேயே பார்க்க ஒரு வழியும் கிடைத்தது. இடது கீழ் மூலையில் டேங்க்கின் சிறிய உருவம் இருக்கிறது அல்லவா, பார்வையை எதிரியின் மீது வைத்தால், அந்த உருவத்தின் உடல் நிமிர்ந்த கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே நம்முடைய கோணம். முதலில் கோணமானியைத் திரையில் வைத்து அளந்தேன். இப்போது கண்ணே 18-க்கும் 25-க்கும் வேறுபாடு சொல்லுகிறது.

இரண்டாம் நாள் மாலையில் அவன் தெருவைக் கடந்து எதிர் ஓரத்துக்குப் போனான். நான் அசையவே இல்லை, ஆனால் அடுத்த குண்டு உள்ளே இறங்கியது. காரணம் எளிது, கோணம் சுவரைப் பொறுத்தது அன்று, எதிரி நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 80 மீட்டர் தொலைவில் இருப்பவர் 20 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் கோணம் 14 டிகிரி கூடுகிறது. 18-இல் நின்றவன் 32-இல் நிற்கிறேன், என் கவசம் 125 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது, 110 மி.மீ. பீரங்கி 25 சதவீத ஏற்றத்தில் 137 வரை போகும். அதே 20 மீட்டர் நகர்வு 200 மீட்டர் தொலைவில் 6 டிகிரிக்கும் குறைவான மாற்றத்தையே தருகிறது. ஆகவே குறுகலான, நீண்ட தெருவின் முனையைத் தேர்ந்தெடுங்கள். அகன்ற சந்திப்பில் இந்த வித்தையைச் செய்யாதீர்கள். ஹிம்மல்ஸ்டோர்ஃப் இதற்குப் பொருத்தமாக இருப்பதற்கு அதன் தெருக்களின் நீளமே காரணம், அங்கும் ரயில் தண்டவாளப் பக்கத்தின் திறந்தவெளியில் நான் இதைச் செய்வதில்லை.

இந்தச் சாய்வுக் கலை ஆட்டத்துக்காகக் கற்பித்துக்கொண்டது அன்று. 1943-இல் டைகர் டேங்க்கின் குழுவினருக்கு ஜெர்மானியப் படை வழங்கிய கையேட்டில், எதிரியைக் கடிகாரத்தின் பத்தரை மணி அல்லது ஒன்றரை மணித் திசையில் வைத்துக்கொள்ளும்படி டேங்க்கைத் திருப்பி நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். டைகரின் முகப்பு 100 மி.மீ., பக்கம் 80 மி.மீ. என்பதால் அங்கே 45 டிகிரி பொருந்தியது. அந்த டைகரை நம் ஆட்டத்தில் ஏழாம் நிலையில் சந்திக்கும்போது, அதன் 88 மி.மீ. நீளக்குழலின் 203 மி.மீ. ஊடுருவலுக்கு எதிராகவும் என் 20 டிகிரி தாங்கியது என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

தாங்காதவையும் உண்டு. வெடிகுண்டு வகைக் குண்டுகள் தெறிப்பதில்லை, அவை கவசத்தின் மேலேயே வெடித்துச் சேதம் செய்யும். கேவி-2 எதிரில் இருக்கிறதென்று தெரிந்தால் அந்த மூலையை விட்டு விலகுவதே நல்லது. வெடிப்பைக் குவித்துக் கவசத்தைத் துளைக்கும் ஹீட் குண்டு 85 டிகிரி வரை தெறிக்காது, ஆனால் 20 டிகிரி நிலையில் அது கடக்க வேண்டிய கவசம் 219 மி.மீ. ஆகிவிடுவதால், ஷெர்மன் 105 மி.மீ. ஹோவிட்சர் அனுப்பும் 102 மி.மீ. ஊடுருவல் கொண்ட ஹீட் குண்டைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

மவுஸ் பற்றி ஒரு சொல். வலது பட்டனை அழுத்திப் பிடித்தால் டரட் திரும்பாமல் கேமரா மட்டும் திரும்பும். சுவரோரம் நிற்பவருக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் சுற்றிப் பார்ப்பதற்காக டரட்டைத் திருப்பினால் அதன் மெல்லிய பக்கம் எதிரிக்குத் தெரிந்துவிடும். என் பழைய மவுஸின் வலது பட்டன் பாதியில் விட்டுவிடும். ரிச்சி தெருவில் நான்கு கடைகள் ஏறி இறங்கி, பட்டனை அழுத்திப் பார்க்க அனுமதித்த கடையிலேயே புதியதை வாங்கினேன். பெட்டியோடு வாங்குவதைவிடக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்து வாங்குவதையே பரிந்துரைக்கிறேன். இணைய இணைப்பைப் பற்றி எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது. பகலில் ஆசிய சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரமான பிங் 70 மில்லிவினாடியில் நிற்கிறது, அதுவே இரவு எட்டு மணிக்கு மேல் 200-ஐத் தாண்டுகிறது. பின்னே போகும் டேங்க்கை அரை மீட்டர் துல்லியத்தில் நிறுத்த வேண்டியவனுக்கு அது ஒரு முழு மீட்டர் பிழையாகிறது. மூன்று முறை புகார் கொடுத்தும் சரியாகாததால், முக்கியமான பயிற்சிகளைக் காலை ஆறு மணிக்கு மாற்றிவிட்டேன்.

அமெரிக்கக் கன டேங்க் வரிசையில் எம்6 வரை வந்துவிட்டேன். அடுத்த டி29-இன் டரட் முகப்பு 279 மி.மீ., பீரங்கி 10 டிகிரி கீழே இறங்கும். அதற்குச் சுவரைவிட மேடே துணை. மைன்ஸ் வரைபடத்தின் நடுக்குன்றைப் பற்றி இப்போதே குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் கேவி-இன் பாடம் இன்னும் முடியவில்லை. இதுவரை சொன்னதெல்லாம் வலப்பக்கத்தைக் காட்டி நிற்பதைப் பற்றியது. கட்டடத்தின் மறுமூலையில், இடப்பக்கத்தைக் காட்டி நிற்க முயன்றால் கை தானாகவே தவறான பக்கம் திருப்புகிறது, சென்ற வாரம் ஆடிய எட்டு முயற்சிகளில் ஆறில் முகப்பு வெளியே வந்துவிட்டது. சனிக்கிழமை காலை தம்பி மீண்டும் டிரெயினிங் ரூமுக்கு வருகிறான். அட்டையைத் திருப்பி ஒட்டி, கிராஃப் தாளில் இடது மூலையை வரைந்து வைத்திருக்கிறேன்.