வாட்டுத் தொட்டி டேம்பர்: பொருள் தெரிவும் சோதனையும்

பிளாஸ்டிக் வகைகளின் தரவுத்தாளில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் 23 பாகை செல்சியசிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் எடுக்கப்பட்டவை. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் வாட்டுமாடியில் (பறித்த கொழுந்தைக் காற்றில் வாட வைக்கும் மாடியில்) தென்மேற்குப் பருவமழை நேரம் அந்த 50 சதவீதத்தைக் காண முடியாது. வெளியே மூடுபனி, உள்ளே கொழுந்து விடும் ஈரம். கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். 100 கிலோ கொழுந்தை 55 சதவீத ஈரத்துக்கு வாட்டி இறக்கும்போது ஏறத்தாழ பாதி எடை காற்றோடு போய்விடுகிறது. அந்தக் காற்றுக்குள்தான் மோட்டரும் சென்சரும் புஷ்ஷும் (ஷாப்ட், அதாவது சுழலும் தண்டு, உட்கார்ந்து திரும்பும் வளையம்) வேலை செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியிருந்த வேலை இது: வாட்டுத் தொட்டியின் (தொழிற்சாலையில் ‘ட்ரப்’ என்றால்தான் விளங்கும்) விசிறி வாயில் வெப்பக் காற்றையும் வெளிக்காற்றையும் கலக்கும் டேம்பரை (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டை) கையால் திருப்பாமல் கியர் மோட்டரால் திருப்புவது. எவ்வளவு திருப்புவது என்பதை உலர் குமிழ் (சாதாரண வெப்பமானி), ஈரக் குமிழ் (நனைந்த திரி சுற்றிய வெப்பமானி) வெப்பநிலைகளின் வித்தியாசம் தீர்மானிக்கும். மின்னணுப் பகுதி இரண்டு வாரத்தில் முடிந்தது. எந்தப் பாகத்தை எந்தப் பொருளில் செய்வது என்பதற்கு நான்கு மாதம் போனது. அந்த நான்கு மாத வேலையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சுமைக் கணக்கு. டேம்பர் தகடு 900 க்கு 600 மில்லிமீற்றர், பரப்பு 0.54 சதுர மீற்றர். மூடிய நிலையில் மிக மோசமாக 1 அங்குல நீரழுத்தம், அதாவது 250 பஸ்கால் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் தகட்டின் மீது விசை 135 நியூட்டன். இரண்டு புஷ்ஷுக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 68 நியூட்டன் கூட வராது. 20 மில்லிமீற்றர் ஷாப்டில், 0.25 உராய்வுக் குணகத்தில், திருப்பத் தேவையான முறுக்கம் 0.35 நியூட்டன் மீற்றருக்குள் அடங்கும். நாங்கள் எடுத்த கியர் மோட்டர் 12 நியூட்டன் மீற்றர். கணக்குப்படி 30 மடங்குக்கும் மேல் மிச்சம் இருக்கிறது. இருந்தும் முதல் மாதிரி இறுகி நின்றது. சுமையால் அது இறுகவில்லை.

அந்த மாதிரியில் போட்டிருந்தது நைலோன் 6 புஷ். லேத்காரருக்குக் கடைவது சுலபம், விலையும் குறைவு, கொழும்பு பஞ்சிகாவத்தை வரை போகாமல் கண்டியிலேயே கம்பியாக வாங்கலாம். ஆனால் நைலோன் 6 நீரைக் குடிக்கும் பிளாஸ்டிக். 50 சதவீத ஈரப்பதத்தில் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை, முழுதாக ஊறினால் 9 சதவீதம் வரை ஏற்றுக்கொள்ளும். நீளவாக்கில் 2 சதவீதத்துக்கு மேல் பெருக்கும். எங்கள் புஷ்ஷின் வெளிவிட்டம் 30, உள்விட்டம் 20. வெளிப்பக்கம் வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால் வெளியே பெருக்க வழியில்லை, பெருக்கமெல்லாம் துளைக்குள்தான் தள்ளும். சுவரின் தடிப்பில் மட்டும் கணக்கிட்டாலும் துளை 0.2 மில்லிமீற்றர் சுருங்கும். விட்டிருந்த இடைவெளி 0.1. மிச்சக் கணக்குத் தேவையில்லை.

இதைக் கண்டுபிடிக்கத் தாமதமானதற்குக் காரணம் சோதனை முறை. கடைந்த புஷ்ஷை ஷாப்டில் போட்டு, மேசையில் வைத்து, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘சரி’ என்றோம். அறை வெப்பநிலையில் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள நைலோன் முழுதாக ஊறவே மாதக் கணக்கு எடுக்கும், 5 மில்லிமீற்றர் சுவர் இன்னும் அதிகம். இரண்டு நாள் சோதனை எதையும் காட்டாது.

அதன் பிறகு செய்த ஊறல் சோதனையை யாரும் சமையலறைச் சாமான்களோடு செய்யலாம். ஒவ்வொரு பிளாஸ்டிக்கிலும் 60 க்கு 20 க்கு 3 மில்லிமீற்றர் அளவில் மும்மூன்று துண்டுகள் வெட்டவும். ஓரத்தைத் தேய்த்து, எண்ணெய் துடைத்து, 80 பாகை அடுப்பில் ஒரு நாள் முழுக்க உலர்த்தவும். நகைக்கடைத் தராசில் 0.001 கிராம் வரை எடை, மைக்ரோமீற்றரில் தடிப்பு, வேர்னியரில் நீளம். துண்டுக்கு இலக்கம் போடும்போது மையால் எழுதாதீர்கள், ஊசியால் கீறுங்கள்; மை நீரில் போய்விடும். பிறகு 60 பாகை நீரில் மூழ்க வைத்து, மூன்று நாளுக்கு ஒரு தடவை எடுத்து, துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்துக்குள் எடை பார்க்கவும். எடை ஏறாமல் நிற்கும் வரை விட வேண்டும். நைலோனுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. 60 மில்லிமீற்றர் துண்டு 61 ஐத் தாண்டிவிட்டது. விரலால் வளைத்தால் முன்பு இருந்த விறைப்பு இல்லை என்பது கைக்கே தெரிந்தது. அதே நீரில் கிடந்த அசெற்றல் துண்டு (கடையில் டெல்ரின் என்று கேட்டால் தருவார்கள்) எடையில் 1 சதவீதம் கூட ஏறவில்லை.

மூழ்க வைப்பது ஆக மோசமான நிலை. உண்மையான நிலைக்கு நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால் உப்புப் போத்தல் முறை இருக்கிறது. இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் பொட்டாசியம் சல்பேற்றைச் சிறிது நீர் விட்டுச் சேறுபோலக் குழைத்து வைத்தால் மேலே உள்ள காற்று 25 பாகையில் 97 சதவீதத்தில் நிற்கும். சாதாரண உப்பு 75, மக்னீசியம் குளோரைட் 33. துண்டு உப்பில் படாமல் நூலில் தொங்க வேண்டும். சேற்றின் மேல் நீர் தெளிந்து நிற்கக் கூடாது, உப்பு முழுக்கக் கரைந்துவிடவும் கூடாது. இந்த மூன்று போத்தலும் பின்னால் ஈரப்பதச் சென்சருக்கும் உதவும், எறிந்துவிடாதீர்கள்.

வெண்கலப் புஷ்ஷைப் பலர் சிபாரிசு செய்தார்கள். எண்ணெய் ஊறிய வகை இந்தச் சுமைக்குத் தாராளம். நாங்கள் ஒதுக்கியதற்கு இரண்டு காரணம்: எண்ணெய் சொட்டினால் அந்த வாசம் காற்றோடு கொழுந்துக்குப் போகும், தேயிலைப் பஞ்சு எண்ணெயில் ஒட்டிக் களியாகும். அசெற்றலை எண்ணெய் இல்லாமல் ஓட்டலாம். வெப்பத்தில் பெருக்கும் குறை அதற்கு உண்டு, மீற்றருக்கு பாகைக்கு ஏறத்தாழ 110 மைக்ரோன். 20 மில்லிமீற்றருக்கு 20 பாகை ஏற்றத்தில் 0.044 மில்லிமீற்றர் வரும். 0.15 இடைவெளி விட்டுக் கடைந்தோம், போதுமானதாக இருந்தது.

தகட்டுக்கு 1.2 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ், 2 மில்லிமீற்றர் அலுமினியம் இரண்டையும் ஒப்பிட்டோம். வளைவு விறைப்பு தடிப்பின் மும்மடியோடு ஏறும் என்பதால் அலுமினியம்தான் விறைப்பு கூட, எடையோ 5.1 கிலோவுக்குப் பதில் 2.9. ஓரத்தை மடிக்க வேண்டியிருந்ததால் 5052 வகை அலுமினியம் எடுத்தோம். 6061 டி6 வகை பலம் கூடியது என்று அதை வாங்காதீர்கள், கூரிய மடிப்பில் வெடிக்கும். முதல் மடிப்பிலேயே கோடு விழுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஷாப்டுக்கு 304 வகை ஸ்டெயின்லெஸ். இதில் ஏமாறுவது மிகச் சுலபம். காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று நினைப்பது வழக்கம். 201 வகையிலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிச் செய்ததால் அது மலிவு, துருவுக்குத் தாக்குப் பிடிப்பதும் குறைவு. மறுபக்கம், நல்ல 304 கம்பியைக் குளிர் நிலையில் இழுத்திருந்தால் காந்தம் மெதுவாக ஒட்டவும் செய்யும். ஆகவே காந்தம் தீர்ப்புச் சொல்லாது. மங்கனீசு சோதனைத் திரவம் ஒரு துளியும் 9 வோல்ட் பெட்டரியும் இருந்தால் சில வினாடியில் நிறம் மாறுவதைக் கொண்டு 201 ஐப் பிரித்துவிடலாம். வாங்கிய எட்டுக் கம்பியில் இரண்டு 201. கூட்டுக் கலவையின் சரியான விகிதம் தேவையென்றால் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்கலாம். டேம்பர் ஷாப்டுக்கு அது தேவையில்லை, கொழுந்து நேரடியாகப் படும் பாகமென்றால் நாங்கள் வாங்கியிருப்போம்.

கொழுந்து படும் இடத்தில் சாதாரண இரும்பு ஏன் கூடாது என்பதைக் காட்ட ஒரு கோப்பை போதும். கடுஞ்சாயத் தண்ணியில் இரும்பு அரத்தூள் ஒரு சிட்டிகை போட்டு மூடி வையுங்கள். மறுநாள் காலையில் சிவந்த சாயம் எழுதுமை மாதிரி கறுநீலமாகியிருக்கும். தேயிலையின் பொலிபீனோலும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான். காற்றுப் பாதையில் இருக்கும் டேம்பருக்கு அது நேரடிப் பிரச்சினை இல்லை, ஆனால் துருத்தூள் விசிறி வழியாகக் கொழுந்துக்குப் போகும் என்பதால் இரும்புப் போல்ட் ஒன்றைக்கூட விசிறி வாய்க்கு முன்னால் வைக்கவில்லை.

அலுமினியத் தகடும் ஸ்டெயின்லெஸ் ஷாப்டும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரிபடும். இடையில் அசெற்றல் தகட்டு வொஷரும் போல்ட்டுக்குக் குழாய் உறையும் போட்டோம். மல்டிமீற்றரில் மின் தொடர்ச்சி பார்த்து, மின் தொடர்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே மூடினோம். ஒரு போல்ட்டில் உறை நழுவியிருந்ததை அந்தச் சோதனைதான் பிடித்தது. ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் உலர்ந்தபடி வேகமாக முடுக்கினால் புரி கடித்துக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புரிக்கு அன்ரிசீஸ் (புரி கடிக்காமல் தடுக்கும் பசை) பூசி, கையால் முடுக்குங்கள்.

ஆயுள் சோதனை. 30 வினாடிக்கு ஒரு திறப்பு மூடல் என்று ஓட்டினால் ஒரு நாளில் 2,880, ஏழு நாளில் 20,160. நாளுக்கு 40 தடவை திரும்பும் டேம்பருக்கு இது 504 நாள். மோட்டர் மின்னோட்டத்தை முதல் மணியிலும் பிறகு நாளுக்கு இரு தடவையும் குறித்தோம். மெதுவாக ஏறினால் தேய்மானம் அல்லது வீக்கம், திடீரென்று குதித்தால் கோணல். இதில் ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது: ஓடிக்கொண்டே இருக்கும் பாகம் இறுகாது. தொழிற்சாலையில் கொழுந்து இல்லாத நாள், போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் என்று டேம்பர் அசையாமல் நிற்கும். ஆகவே ஏழு நாள் ஓட்டிய பிறகு, ஈரச் சாக்கைச் சுற்றி மூன்று நாள் நிறுத்தி வைத்து, முதல் அசைவுக்கு எவ்வளவு மின்னோட்டம் எடுக்கிறது என்று பார்த்தோம். நைலோன் மாதிரி தோற்றது இந்தச் சோதனையில்தான். அசெற்றல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, இரண்டாம் அசைவிலேயே பழைய அளவுக்கு வந்துவிட்டது.

சென்சருக்கு வருவோம். வெப்பநிலையை உருகும் பனிக்கட்டியில் 0 க்குச் சரிபார்ப்பது எங்கும் ஒன்றுதான். கொதிநீரில் பார்க்கும்போது மலைநாட்டில் கவனம் வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். அட்டனில் 96 அளவு. கொதிநீரில் 94 காட்டிய நல்ல சென்சரை 6 பாகை ‘திருத்தி’ வைத்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பார்த்திருக்கிறோம், வாட்டும் வெப்பநிலையில் அது எவ்வளவு பிழை காட்டியிருக்கும் என்று யோசியுங்கள்.

ஈரப்பதச் சென்சரை 75 சதவீத உப்புப் போத்தலிலும் 33 போத்தலிலும் மணிக்கணக்கில் வைத்துப் படிக்கலாம். கொள்ளளவு வகை (மின்தேக்கி முறையில் ஈரத்தை அளக்கும்) சென்சர்கள் 80 சதவீதத்துக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும். வாட்டுமாடி அந்த நிலையிலேயே கிடப்பது. உலர்ந்த காற்றுக்கு வந்தால் மெதுவாகத் திரும்பும், சூடாக்கித் திருப்பும் முறையையும் சில தரவுத்தாள்கள் தருகின்றன. அதனால்தான் ஈரப்பதச் சென்சரை நம்பாமல், திரி சுற்றிய ஈரக் குமிழுக்கு ஒரு வெப்பநிலைச் சென்சரும் உலர் குமிழுக்கு ஒன்றும் என்று இரண்டு ஸ்டெயின்லெஸ் உறைச் சென்சர்கள் போட்டோம். திரியை வாரம் ஒரு தடவை மாற்ற வேண்டும், அந்த வேலை கூடுதல்தான்.

மின்னணுப் பெட்டிக்கு ஐ.பி. 65 (தூசும் நீர்த்தாரையும் புகாத தரம்) வாங்கினால் போதும் என்பது மலையில் சரிவராது. பகலில் சூடேறி, இரவில் 12, 13 பாகைக்கு இறங்கும்போது பெட்டி ஈரக் காற்றை வயர் நுழையும் வழியாக உறிஞ்சும். வெளியே விட வழியில்லாமல் அது உள்ளேயே நீராகும். அடியில் 5 மில்லிமீற்றர் துளை போட்டு வலை ஒட்டி, கேபிள் கிளாண்டுகளை (வயர் நுழையும் இறுக்கிகளை) கீழ்நோக்கி வைத்து, உள்ளே 5 வாட் மின்தடை ஒன்றை எப்போதும் சூடாக விட்டோம். சர்க்கிட் போர்டுக்கு அக்ரிலிக் பூச்சு இரண்டு தடவை. கனெக்டரை டேப் ஒட்டி மறைத்துவிட்டுப் பூசுங்கள், ஈரப்பதச் சென்சரின் துவாரத்தில் பூச்சு விழுந்தால் அது செத்த மாதிரிதான்.

மோட்டர் பற்றி ஒரு விஷயம். வழக்கமான மோட்டர்கள் 1,000 மீற்றர் உயரம், 40 பாகைச் சுற்றாடல் வரைக்கும் தரப்படுத்தப்பட்டவை. மேலே காற்று மெல்லியதால் குளிர்ச்சி குறையும், 100 மீற்றருக்கு ஒரு பாகை அளவுக்குச் சுற்றாடல் வெப்பம் குறைந்திருக்க வேண்டும். நுவரெலியாவில் வாட்டுமாடிக்கு இது பிரச்சினையே இல்லை. உலர்த்தி அறைக்குள் வைக்கும் மோட்டருக்குப் பிரச்சினை.

இப்போது தொழிற்சாலையில் ஒரு தகர டப்பாவில் இருப்பவை: கடைந்த அசெற்றல் புஷ் நான்கு, வொஷரும் குழாய் உறையும் ஒரு தொகுதி, ஈரக் குமிழ்த் திரி பத்து, அன்ரிசீஸ் ஒரு டியூப், மங்கனீசு திரவம், 9 வோல்ட் பெட்டரி, மூன்று உப்புப் போத்தல். டப்பா மூடியின் உள்பக்கத்தில் முதல் அசைவு மின்னோட்டத்தை மாதம் ஒரு தடவை எழுதும் தாள் ஒட்டியிருக்கிறது. முதல் நாள் அளவைவிட ஒன்றரை மடங்கானால் புஷ்ஷைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.