அத்தான் வாங்கிய ரெண்டு சீட்டு வண்டி

அத்தான் கார் வாங்கிவிட்டார். அதே அத்தான்தான். லாரி டயரில் கம்பி தெரிகிறது என்று டிரைவர் வந்து காட்டினால், "இன்னும் ரெண்டு லோடு தாங்கும்லா" என்று திருப்பி அனுப்புகிறவர். வாங்கியிருப்பது போர்ஷே பாக்ஸ்டர் எஸ், கூரையை மடக்கித் திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார். 2010 மாடல், கேஎல் 07 நம்பர், செகண்ட் ஹேண்ட். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். அக்காவும் இதைப் படிப்பாள். அவளிடம் சொல்லியிருக்கிற தொகை வேறு.

சீசனுக்குக் குற்றாலம் வந்த ஏதோ ஒரு சிவப்பு வண்டி, பரோட்டா சாப்பிட செங்கோட்டை பக்கத்துப் பிரானூர் பார்டரில் நின்றிருக்கிறது. எதிரே தன் மில்லில் மரம் அறுத்துக்கொண்டிருந்த அத்தான் அதைப் பார்த்துத் தொலைத்தார். மறுநாள் எனக்கு போன். "மாப்ள, நீ நெட்டுல எல்லாம் பாப்பியே, இந்த மாதிரி ஒண்ணு பாரு. புதுசு வேண்டாம். புதுசு வாங்குறவன் ஏமாளி."

தேட உட்கார்ந்தவனுக்கும் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. 2009-க்கு முந்தின பாக்ஸ்டர் எஞ்சினில் ஐஎம்எஸ் என்று ஒரு பேரிங் உண்டு. அது சிதறினால் எஞ்சினையும் கூட்டிக்கொண்டுதான் போகும். 2009-ல் வந்த புது எஞ்சினில் அந்த பேரிங்கே கிடையாது. ஆகவே அதற்குப் பிந்தினதுதான் என்று முடிவானது. பாண்டிச்சேரி நம்பரும் கூடாது. வரியை மிச்சம் பிடிக்கப் பாண்டிச்சேரி விலாசத்தில் பதிந்த சொகுசு கார்கள் 2017-ல் கேரளாவில் பட்ட பாடு தெரியுமே.

எர்ணாகுளத்தில் ஒரு டாக்டர் வீட்டில் கிடைத்தது. பார்த்துச் சொல்ல லேப்டாப்போடு ஒரு பையனை ஏற்பாடு செய்திருந்தேன். கியரைத் தப்பாகப் போட்டு எஞ்சினை எல்லை மீறி முறுக்கினால், எத்தனை தடவை, கடைசியாக எப்போது என்று வண்டியின் கம்ப்யூட்டரே குறித்து வைத்துக்கொள்ளுமாம். பையன் அதை வாசித்துக்கொண்டிருக்க, அத்தான் கதவு, பானெட், மட்கார்டு என்று விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே சுற்றி வந்தார். தேக்குத் தடியில் பொந்து இருக்கிறதா என்று அவர் பார்க்கிற முறை அது. முப்பது வருஷப் பழக்கம், சொன்னால் கேட்கவா போகிறார்? பையன் முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, இந்தக் கணக்கு எழுதுற பெட்டி தனியா கிடைக்குமா? நம்ம லாரிக்கு வேணும்."

பேரம் படியவில்லை. டாக்டர் சிரித்த முகம் மாறாமல் அதே தொகையில் நின்றார். வெறுங்கையோடு இறங்கி வருவது அத்தானுக்குக் கௌரவக் குறைச்சல். கொல்லையை எட்டிப் பார்த்து ஒரு நேந்திரன் குலையைச் சேர்த்துக் கேட்டு வாங்கினார். அது முன் டிக்கியில் ஏறியது. அத்தை சொல்லியனுப்பிய சிப்ஸ், பப்படம், அக்காவுக்குச் செட்டு முண்டு எல்லாம் பின் டிக்கி. கொட்டாரக்கரை தாண்டி ரோட்டோரம் சக்கை, அதாவது பலாப்பழம், குவித்து வைத்திருந்தார்கள். இருந்ததிலேயே பெரிசை எடுத்தார். அதற்கு இடமில்லை. கூரை மடங்கிக் கிடந்த மூடியின் மேல் வைத்து, "கையைப் பின்னால போட்டுப் பிடிச்சுக்கோ மாப்ள" என்றார்.

310 குதிரைச் சக்தி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்தரை நொடி ஆகாது. நாங்கள் தென்மலை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் 15-ல் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ரப்பர் தடி ஏற்றிய ஒரு லாரி, முக்கி முனகி ஏறுகிறது. அத்தான் ஹார்ன் அடித்தார். டிரைவர் கையை வெளியே நீட்டி, பொறு என்று காட்டினான். மறுபடியும் அடித்தார். கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்துப் பக்கம் ஒரு வளைவில் தலையையே நீட்டிக் கத்தினான்: "ஏல, ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா? டயர் இருக்கிற லட்சணத்துக்கு இதுக்கு மேல ஏறாதுல!"

அத்தானின் லாரி. அத்தானின் டிரைவர். அத்தானின் டயர். அதற்குப் பிறகு அவர் ஹார்னைத் தொடவில்லை. ஆரியங்காவு வரை அந்தக் கறுப்புப் புகையைக் குடித்துக்கொண்டே வந்தோம்.

அங்கே சாரல் பிடித்துக்கொண்டது. பித்தானை அழுத்தினால் 12 நொடியில் கூரை மூடிவிடும், சக்கை மேலே உட்கார்ந்திராவிட்டால். வேறு போக்கிடம் இல்லாமல் அது என் மடிக்கு வந்தது. முள் தொடையில், காம்புப் பால் சட்டையில், வாசனை மூடின காருக்குள். புளியரை செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். ஆர்.சி. கேட்பார் என்று நினைத்தேன். குனிந்து என்னையும் சக்கையையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டியோடு ஒரு செல்பி எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.

மில்லில் ஊரே கூடிவிட்டது. லாரி மெக்கானிக் அண்ணாச்சி முன்பக்கம் திறந்தார். வாழைக்குலை. பின்பக்கம் திறந்தார். பப்படம். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "முதலாளி, எஞ்சினைக் கழட்டிட்டுல்லா உங்க தலையில கட்டியிருக்கான்!" சீட்டுக்குப் பின்னால், நடுவில், மூடிக்குக் கீழே எஞ்சின் படுத்திருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல ஒருத்தரும் நம்பவில்லை. ஸ்டார்ட் பண்ணிக் காட்டியும், "சத்தம் வருது, சரி, பொருள் எங்க?" என்கிறார். முன்னால் 235, பின்னால் 265 என்று டயர் அளவும் வேறு வேறு, ஸ்டெப்னியும் இல்லை. அதோடு அண்ணாச்சி வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்து வரி. எர்ணாகுளத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, 12 மாசத்துக்கு மேல் இங்கே ஓட்டுவதானால் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றி, இங்கேயும் ஆயுள் வரி கட்ட வேண்டும் என்றேன். அங்கே கட்டினதில் மீதிக்காலத்துக்கு விண்ணப்பம் போட்டுத் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். திரும்ப வருகிற கதை அவர் காதில் ஏறவில்லை. இங்கே கட்டுகிற தொகையை மட்டும் காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "1956 நவம்பர் 1-ல செங்கோட்டையை மெட்ராஸோட சேர்க்காம இருந்தா, நாம இன்னைக்கும் கேரளா. ஒரு பைசா கட்ட வேண்டாம்" என்றார். எல்லைப் போராட்டத்தில் கோஷம் போட்டுத் திரிந்த தன் அப்பாவை அன்றைக்கு முழுவதும் திட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி ஷெட்டில் நின்றது. நம் தெரு வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசுகிறது. அக்கா, ரெண்டு பிள்ளைகள், அத்தை என்று இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட்டு. விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தபோதுதான் அத்தை, "ஒரு தடவை ஏத்திக் காட்டுங்கடா" என்றாள்.

வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு வலது முட்டி மடங்காதே. பஸ், ஆட்டோ, என் ஆல்டோ எதில் ஏறினாலும் முன் சீட்டில் இடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடிதான் வருவாள். இதில் தரையோடு தரையாக உட்கார்ந்து, காலை நேராக உள்ளே நீட்டினாள். நீட்டியபடியே இருந்தாள். "ஏல, கால் போகுதுல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது தினமும் சாயங்காலம் இலஞ்சி முருகன் கோயில் வரை போய் வருகிறார்கள். கூரையைத் திறந்து வைக்கச் சொல்கிறாள். இறக்குவதற்குத்தான் நானும் அத்தானும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து இழுக்க வேண்டியிருக்கிறது. நேற்று ரோடு காலியாக இருக்க, அத்தான் ஆசையாகக் கொஞ்சம் மிதித்தாராம். தொடையில் ஒரு அடி வைத்திருக்கிறாள். "இம்புட்டுத் துட்டு குடுத்து வாங்கியிருக்க. சீக்கிரமா போயி எறங்கவால?"

அக்கா இன்னும் ஏறவில்லை. மாமியார் இறங்கட்டும், பார்க்கலாம் என்கிறாள்.